புனலூருக்குப் போகாத அரிசி

எங்கள் சித்தப்பா பெரிய ஆளாக ஆனதற்கு என் இடுப்புதான் காரணம். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தேர்தலில் ஜெயித்து, மெட்ராஸில் சட்டசபையில் உட்கார்ந்து, தென்காசிக்கு வந்தால் பின்னால் நாலு கார் வரும்படி இருந்த மனிதருக்கும், ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு சோனிப் பெண்ணின் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். இரண்டு படி அரிசி அளவுக்குச் சம்பந்தம் உண்டு.

அது அரிசி கிடைக்காத வருஷம். ரேஷன் கடையில் விடியுமுன் வரிசை நின்றால், ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, 'அரிசி இல்லை, கோதுமைதான்' என்பார்கள். கோதுமையை என்ன செய்வதென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. உலையைக் கொதிக்கவைத்து, அரிசியைப் போடுவதுபோல அப்படியே போட்டுவிட்டு, மத்தியானம் வரை எரித்தார்கள். விறகு தீர்ந்ததே தவிர கோதுமை வேகவில்லை. அதை மென்று மென்று எனக்குத் தாடை வலித்தது. தாடை கழன்று விழுந்துவிடுமோ என்று இரண்டு நாள் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு திரிந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இல்லாததை நினைத்துப் பயந்துகொள்வேன். இந்த அரிசி விஷயத்தில் மட்டும் பயந்ததில் பாதி நடந்துவிட்டது, அதுதான் வித்தியாசம்.

சித்தப்பா அப்போது நெல் அவிக்கிற மில்லில் வேலை பார்த்தார். நெல் வராமல் மில்லை மூடிவிட்டார்கள். வேலை போன மனிதர் சும்மா இருக்கமாட்டாமல் காலையில் சலூனுக்குப் போய்ப் பேப்பரை உரக்கப் படிப்பார். அவருக்குக் குரல் அப்படி. விலைவாசிச் செய்தியை அவர் படித்தால், பாதி முகம் சோப்போடு இருப்பவனும் எழுந்து உட்கார்ந்து கேட்பான். பேப்பரில் இருப்பதோடு கொஞ்சம் தன் சரக்கையும் சேர்த்துக்கொள்வார். கட்சிப் பையன்கள் இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கோயில் கோபுரம் அந்தக் காலத்தில் மேல்பாதி இல்லாமல் மொட்டையாகப் பிளந்து நிற்கும். அதன் முன்னால் மேசை போட்டு ஏறி நின்று, "நம்ம மண்ணு, நம்ம நெல்லு!" என்று சித்தப்பா கத்தினால், எதிர்ச்சாரியில் பூக்கடைக்காரர்கள்கூட எழுந்து நிற்பார்கள்.

அவர் சொன்னது இதுதான். நம் நெல்லை நாம் சாப்பிட விடாமல் டில்லிக்காரன் கோதுமையை அனுப்புகிறான், பின்னாலேயே இந்தியையும் அனுப்பப் போகிறான். மிச்சம் இருக்கிற நெல்லோ மலையைத் தாண்டி மலையாளத்துக்குப் போகிறது. அதைத் தடுக்க வேண்டும். இதில் பொய் இல்லை. வைக்கோலுக்கு அடியில் மூட்டை அடுக்கி, ராத்திரி லாரிகள் புளியரை வழியாகப் போனது ஊருக்கே தெரியும். ஆனால் லாரியை நிறுத்தக் கட்சிக்காரர்களுக்குத் தெம்பில்லை. அதனால் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் 'அரிசிக் காவல்' போட்டார்கள். மேற்கே போகிற வண்டிக்கு வருகிறவர்களின் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஸ்டேஷனுக்கு லாரி வராது. வந்தது பெண்கள்தான். மடியில் ஒரு படி, மாராப்புக்குள் ஒரு படி கட்டிக்கொண்டு வருவார்கள். தொட்டுப் பார்ப்பதற்குக் கட்சியிலேயே இரண்டு பெண்களை நிறுத்தினார்கள். பிடிபட்ட அரிசி, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற கஞ்சித்தொட்டிக்குப் போகும். அந்தக் காவலை ஏற்பாடு செய்தவரே எங்கள் சித்தப்பாதான்.

இதில் எங்கள் அம்மாவின் பாடு என்னவென்று சொல்ல வேண்டும். அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பாவுக்கு ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாராம். அம்மாதான் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறாள். அந்தப் பஞ்சத்திலும் கிடைத்த கொஞ்ச அரிசியை எனக்கும் சித்தப்பாவுக்கும்தான் வடித்தாள். அவளும் அப்பாவும் கோதுமை தின்றார்கள். அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் கமிஷன் கடை வேலைக்கு முதல் பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். அவர் எதையும் கேட்டுக்கொள்ளமாட்டார். சித்தப்பா பேசுகிற கூட்டத்துக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் நிற்பாள். ஜனங்கள் கைதட்டும்போது அவள் மேடையைப் பார்க்கமாட்டாள். யார் யார் கைதட்டுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

அம்மாவுக்கு ஒரே தங்கை, என் சித்தி. மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்துப் புனலூரில் பேப்பர் மில் வேலைக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அந்த ஆனி மாதம் அவளுக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய பிரசவம். எங்களுக்குப் பாட்டி தாத்தா யாரும் இல்லை, அம்மாதான் பிறந்த வீடு. கூட்டி வந்தால் பிள்ளை பெற்றவளுக்குக் கோதுமையையா அவித்துப் போடுவது? அதனால் கூட்டி வரவில்லை. சித்தி கார்டு போட்டிருந்தாள். பையன் நன்றாக இருக்கிறான், மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்குதான், பால் பத்தவில்லை, ராத்திரி முழுக்க அழுகிறான், அக்கா நீ கவலைப்படாதே. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். 'கவலைப்படாதே' என்பதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டாள். கோயிலுக்கோ தர்மத்துக்கோ என்று வீடுகளில் பிடியரிசி எடுத்து வைப்பது வழக்கம்தான். இது சித்திக்கு. எப்படியோ இரண்டு படி சேர்ந்தது. சித்தப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நீளமாகப் பாம்புபோல இரண்டு துணிக்குழாய் தைத்தாள். அரிசியை நிரப்பி என் இடுப்பில் சுற்றி, வயிற்றில் ஊக்குப் போட்டு, மேலே பாவாடையைக் கட்டிவிட்டாள். சின்னப் பிள்ளையை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, அதுதான் கணக்கு. அவள் கையில் ஒரு பை. அதில் பூண்டும் கருப்பட்டியும் பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற காய மருந்தும். அதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

"குனியாத. ஓடாத. யாரு கேட்டாலும் சித்தியப் பாக்கப் போறோம்னு மட்டும் சொல்லு," என்றாள்.

"பிடிச்சா பாளையங்கோட்டை ஜெயிலுலயா போடுவாங்க?"

"ஒன்னய எதுக்குட்டி போடுதாங்க? என்னயத்தான் போடுவாங்க. வாய மூடிட்டு நட."

எனக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. மலை தெரியவில்லை. தெருவில் எதிரே வந்த இரண்டு பேர், "பிள்ள இப்பத்தான் தேறியிருக்கா," என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஈர்க்குச்சிபோல இருந்தவள். நனைந்த அரிசி முளைக்குமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டம். கொட்டுமேளம், தோரணம், புதுத்துண்டு போட்ட கட்சிக்காரர்கள். மெட்ராஸிலிருந்து அந்தக் கட்சியின் தலைவர் நாங்கள் ஏறப்போகிற அதே மெயில் வண்டியில் வந்து இறங்குகிறாராம். குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சாயங்காலம் கூட்டத்தில் பேசுகிறாராம். அம்மாவுக்கு இது தெரியாது. சித்தப்பா நாலு நாளாக வீட்டுக்கே வரவில்லை. அவள் திரும்பிப் போய்விடலாம் என்று என் கையைப் பிடித்து இழுக்கும்போதே சித்தப்பா எங்களைப் பார்த்துவிட்டார்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"மதினி! நீங்களா? நான் சொல்லவே இல்லியே, எப்பிடித் தெரிஞ்சுது? எல, பாருங்கலே, எங்க மதினி வந்துட்டாவ!"

தன்னுடைய பெரிய நாளைப் பார்க்க மதினி வந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அம்மா வாயைத் திறந்தாள். "இல்ல தம்பி, நாங்க வந்து…" என்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். "ஏட்டி, நீதான் தலைவருக்கு மால போடுத!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அம்மா எங்கள் பின்னாலேயே ஓடி வந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் என்ன சொல்ல முடியும்?

தலைவர் உயரமானவர், எனக்கு எட்டாது. அதனால் லக்கேஜ் நிறுக்கிற பெரிய தராசின் பலகைமேல் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். முள் ஆடி ஒரு இடத்தில் நின்றது. அது என்ன எண் என்று நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கட்சிக்காரர் குனிந்து பார்த்து, "நோஞ்சாங் கணக்கா இருக்கு, என்னா கனம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்து, "எங்க மதினி கை வளர்ப்புல்லா!" என்றார்.

வண்டி வந்தது. மேளம் அடித்த அடியில் தராசுப் பலகையே அதிர்ந்தது. தலைவர் இறங்கி வந்தார். மாலையைப் போட்டேன். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. தலைவர்மாருக்குச் சின்னப் பிள்ளையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பழைய வேட்டி. எத்தனை வருஷம் சித்தப்பா உடுத்தி, அம்மா துவைத்த துணி. ஒரு பக்கத் தையல் விட்டது. முதலில் நாலு அரிசிமணி விழுந்தது. பிறகு சரசரவென்று பாவாடைக்கு அடியிலிருந்து தலைவரின் செருப்பின்மேல் அரிசி கொட்டியது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார். பெண்களைத் தொட்டுப் பார்க்க நிறுத்தியிருந்த இரண்டு பெண்களும் அரிசியைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். தலைவர் என்னைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். நான் மேலே இருந்ததால் எல்லா முகமும் எனக்குத் தெரிந்தது. சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிறகு அவர் குனிந்து, கீழே கிடந்த அரிசியில் ஒரு பிடி அள்ளினார். கையைத் தலைக்குமேல் உயர்த்தினார்.

"பிடியரிசி!" என்றார். "பாத்துக்கிடுங்க, இது பிடியரிசி! எங்க மதினி தினமும் தான் திங்குத சோத்துல ஒரு பிடிய எடுத்து வச்சுச் சேத்தது. எதுக்கு? இந்த நாட்டுக்கு! தலைவர் கையில குடுக்கணும்னு பிள்ள மடியில கட்டிக் கூட்டிட்டு வந்திருக்காவ!"

கூட்டத்திலிருந்து அப்படி ஒரு சத்தம் எழுந்தது. தலைவரின் கண் கலங்கிவிட்டது. என்னை மறுபடியும் தராசின்மேல் நிறுத்தி, என் தலையில் கை வைத்தார். யாரோ பித்தளைக் குடம் கொண்டு வந்தார்கள். அந்த இரண்டு பெண்கள் என்னை மறைத்து நின்று, மிச்சக் குழாயையும் அவிழ்த்துக் குடத்தில் கொட்டினார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். இடுப்பு லேசாகிவிட்டது. பயமும் போய்விட்டது. ஜெயில் இல்லை, அடி இல்லை. சித்தப்பா எங்களைக் காப்பாற்றிவிட்டார்!

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவர் பேசி நான் கேட்டதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி அரிசி போகக்கூடாது என்றார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் ஒரு பிடி எடுத்து வைத்தால் இந்த மண்ணில் பசி இருக்காது என்றார். ரயில் கார்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. ஜன்னல்களில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே போனார்கள். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் வண்டியைப் பார்த்தாள். கடைசிப் பெட்டி செங்கோட்டைப் பக்கம் சாரலுக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் அந்தக் குடத்துக்கு மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். மறுநாள் அது கஞ்சித்தொட்டிக்குப் போனது. யாரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு ஊர் ஊராகப் பிடியரிசிக் கூட்டம். வீரகேரளம்புதூரிலிருந்து ராயகிரி வரைக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். பெண்கள் சொளகில் அரிசி கொண்டு வந்து அவர் முன்னால் கொட்டினார்கள். அம்மாவுக்குப் 'பிடியரிசித் தாய்' என்று பேர் வந்துவிட்டது.

பத்து நாள் கழித்துச் சித்தியின் கார்டு வந்தது. பால் அடியோடு வற்றிவிட்டது. பக்கத்து வீட்டுச் சேச்சி ஆட்டுப்பால் கொடுக்கிறாள், பையன் அதைக் குடித்துக்கொள்கிறான், அக்கா நீ கவலைப்படாதே. இந்தத் தடவை அம்மா இரண்டாவது தடவை படிக்கச் சொல்லவில்லை. அன்றைக்கே மறுபடி கலயத்தை எடுத்தாள். ஒரு படி சேர்ந்ததும் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு தனியாகப் போனாள். ஸ்டேஷனில் காவல் நின்ற பையன்கள் பிடியரிசித் தாயைப் பார்த்துக் கும்பிட்டு, கூட்டத்தை விலக்கி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்தார்களாம். தொட்டுப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? இதை அம்மா திரும்பி வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சித்திக்குச் சோறு கிடைத்தது. போன பால் திரும்பவில்லை. அந்தப் பையன் ஆட்டுப்பாலில் பிழைத்து, இன்று பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறான். நான் அன்றைக்குக் கவலைப்பட்டதெல்லாம் வீண்.

சித்தப்பா வீட்டுக்கு வந்தது அதற்கும் பிறகு, ஒரு மத்தியானம். வரப்போகிற தேர்தலில் நிற்க அவருக்குத்தான் இடம் என்று தலைவரிடமிருந்து தந்தி வந்த அன்று. மாலையைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களைக்குள் வந்தார். அம்மா அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, எனக்கு சீட்டு குடுத்துட்டாங்க."

"நல்லது தம்பி."

சித்தப்பா மெதுவாக, "அன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லலன்னா உங்களப் பிடிச்சிருப்பாங்க, மதினி," என்றார்.

"தெரியும். அதுக்காவத்தான் சொன்ன. நான் இல்லன்னு சொல்லலியே."

"பொறவு ஏன் எங்கிட்ட மொகங் குடுத்துப் பேச மாட்டேங்கிய?"

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "முத வார்த்த எங்களுக்காவச் சொன்ன. வண்டி போன பொறவும் பேசிக்கிட்டே இருந்தியே, அது யாருக்காவ?"

சித்தப்பா எவ்வளவு பெரிய கூட்டத்திலும் பதில் தயாராக வைத்திருக்கிற மனிதர். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது ஏதாவது நன்றாகச் சொல்வார் என்று.

அம்மா எழுந்து கை கழுவினாள். முன்அறையில் பாயை விரித்தாள். கொல்லையில் போய் வாழை இலை அறுத்து வந்து போட்டாள். எங்கள் வீட்டில் வீட்டு ஆட்கள் அடுக்களையிலேயே, அடுப்புச் சூட்டோரம் உட்கார்ந்து கும்பாவில் சாப்பிடுவோம். முன்அறையில் பாயும் இலையும் விருந்தாளிக்குத்தான். சம்பந்தக்காரர்களுக்கு, சாவுக்குத் துஷ்டி கேட்க வருகிறவர்களுக்கு, தாலுகா ஆபீஸ் ஆட்களுக்கு.

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன் மதினி," என்றார் சித்தப்பா. அடுக்களையில் அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் பாதி உட்கார்ந்துகூட விட்டார்.

"அங்கன போட்டாச்சு," என்றாள் அம்மா.

அவர் எழுந்து போய் இலை முன்னால் உட்கார்ந்தார். அம்மா சோறு வைத்தாள். அரிசிச் சோறு. குழம்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள், எந்தக் குறையும் இல்லை. விருந்தாளிக்கு நிற்பதுபோல ஓரமாக நின்று, "வேணுங்குறத கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க," என்றாள். அவர் குனிந்தே சாப்பிட்டார். ஒரு தடவை தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். குழம்பில் காரம் போலிருக்கிறது என்று நான் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, விசிறியை எடுத்து விசிறினேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் சித்தப்பாவுக்கு எங்கள் வீட்டிலேயே பாய் விரித்து இலை போடுகிறார்கள்! அவர் கை கழுவக்கூட நான் காத்திருக்கவில்லை. தெருவில் ஓடி, பாண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடமெல்லாம் மூச்சு வாங்க அதைச் சொன்னேன். அவர்களும் ஆட்டத்தை விட்டுவிட்டு, எங்கள் வாசலில் வரிசையாக நின்று, பெரிய ஆள் இலையில் சாப்பிடுவதை எட்டிப் பார்த்தார்கள்.